யூஜெனாலின் அயனி நிறை: ஓர் ஆய்வகச் சேவையின் மதிப்புரை

கன்னியாகுமரி மாவட்டத்தின் மாறாமலைக் கிராம்பு, 2021-இல் புவிசார் குறியீடு பெற்றது. அதிலிருந்து பிரித்தெடுத்த, கிராம்பின் மணத்துக்குக் காரணமான சேர்மமான யூஜெனாலின் மூலக்கூற்று வாய்பாட்டை உறுதிப்படுத்த, நாகர்கோவிலில் உள்ள எங்கள் கல்லூரியில் உயர் பிரிதிறன் நிறை நிறமாலைமானி (அயனிகளின் நிறையை மிக நுட்பமாக அளக்கும் கருவி) இல்லாததால், மாவட்டத்துக்கு வெளியே உள்ள ஓர் ஆய்வகத்துக்கு மாதிரியைக் கூரியரில் அனுப்பினோம். கட்டணம் கல்லூரிகளுக்குச் சலுகை விலையில் இருந்தது. அறிக்கையும் சொன்ன நாளில் வந்து சேர்ந்தது.

இத்தகைய அளவீடு எதற்கு என்று மாணவர்கள் கேட்பதுண்டு. யூஜெனால் ஒரு புரோட்டானை இழந்து உருவாகும் எதிர்மின் அயனியின் நிறை 163.0765, தாவரச் சாறுகளில் பரவலாகக் காணப்படும் கூமாரிக் அமிலம் தரும் அயனியின் நிறை 163.0401. சாதாரணக் கருவியில் இரண்டும் 163 என்றே தெரியும் என்பதால், நான்காம் தசமம் வரை நம்பத்தக்க அளவீடு இல்லாமல் வாய்பாட்டைப் பற்றிப் பேசவே இயலாது.

அந்த ஆய்வகம் பயன்படுத்தியது அயனிகள் பறக்கும் நேரத்தை அளக்கும் வகைக் கருவி. அயனி குழாயைக் கடக்க எடுக்கும் நேரத்தின் வர்க்கம் அதன் நிறைக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், எஃகுக் குழாய் ஒரு பாகை சூடேறி நீண்டாலே, திருத்தம் செய்யாவிடில், அளக்கும் நிறை சுமார் 30 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 30 பங்கு) நகர்ந்துவிடும். ஆகவே அளவுத்திருத்தம், அதாவது நிறை தெரிந்த அயனிகளைக் கொண்டு கருவியைச் சரிசெய்வது, எப்போது, எதைக் கொண்டு செய்யப்பட்டது என்பதே முதலில் பார்க்க வேண்டியது. இந்த ஆய்வகம் எங்கள் மாதிரிக்குச் சற்று முன்பாகச் சோடியம் ஃபார்மேட் உப்பின் கொத்தயனிகளை (அதன் அலகுகள் சில சேர்ந்த அயனிகளை)க் கொண்டு திருத்தம் செய்து, அந்த நிறமாலையையும் அறிக்கையோடு இணைத்திருந்தது. 112.986, 180.973 ஆகிய இரு திருத்த அயனிகளுக்கு நடுவே எங்கள் அயனி அமைந்திருந்தது மனநிறைவைத் தந்தது. கேட்காமலே இதைத் தருபவர்கள் மிகக் குறைவு.

குறை கணக்கீட்டில் இருந்தது. அளந்த மதிப்பு 163.0768. அறிக்கையோ, வாய்பாட்டிலிருந்து கணக்கிடும் கோட்பாட்டு மதிப்பை 163.0759 என்று காட்டி, வேறுபாடு சுமார் 5.5 பி.பி.எம். என்றது, பல ஆய்விதழ்கள் ஏற்கும் 5 பி.பி.எம். வரம்பை அது தாண்டுகிறது. எதிர்மின் அயனியில் கூடுதலாக உள்ள எலக்ட்ரானின் நிறையை, அதாவது 0.00055 அலகை, அவர்களது மென்பொருள் அமைப்பு சேர்க்காமல் விட்டதே காரணம். சேர்த்துக் கணக்கிட்டால் வேறுபாடு சுமார் 2 பி.பி.எம்.-ஆக இறங்குகிறது. மிக நல்ல அளவீடு ஒன்று தோல்வியாகப் பதிவாகவிருந்ததை எண்ணினால் வருத்தமாகவே இருக்கிறது. சுட்டிக்காட்டி எழுதியதும் மறுப்புச் சொல்லாமல் திருத்திய அறிக்கையை அனுப்பினார்கள். ஆயினும் சிறிய மூலக்கூறுகளை அனுப்புவோர் கோட்பாட்டு மதிப்பைத் தாமே ஒருமுறை கணக்கிட்டுப் பார்த்துக்கொள்வது அவசியம். நிறை குறையக் குறைய இந்த விடுபடல் பி.பி.எம். கணக்கில் பெரிதாகும்.

அளவீட்டுத் தரத்துக்காக இச்சேவையைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். ஆனால் யூஜெனாலும் ஐசோயூஜெனாலும் ஒரே வாய்பாடும் வேறு அணு அமைப்பும் கொண்ட மாற்றியங்கள். எத்தனை தசமம் வரை அளந்தாலும் நிறை மட்டும் அவற்றைப் பிரித்துக் காட்டாது. எனவே அதே மாதிரியில் ஒரு பகுதியை, அந்த அமைப்பு வேறுபாட்டைக் காட்டும் அணுக்கரு காந்த ஒத்ததிர்வு நிறமாலைக்காக முன்கூட்டியே ஒதுக்கி வைத்துக்கொள்வது நல்லது.