வரியா, சந்தாவா?

பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.-இல் சிகிச்சைக்கான வரிசை நீளும்போதெல்லாம், "ஜெர்மனி மாதிரி காப்பீட்டுக்கு மாறலாமே" என்று ஒரு குரல் கிளம்பும். என்.எச்.எஸ். தொடங்கிய 1948 ஜூலை 5 முதல் பிரிட்டனில் மருத்துவச் செலவு பெரும்பாலும் பொது வரியிலிருந்து. மருத்துவரைப் பார்க்கக் கட்டணமில்லை. ஜெர்மனியில் 1883-லேயே தொடங்கிய காப்பீட்டுச் சந்தா முறை. இன்று சம்பளத்தில் 14.6 சதவீதம், அதற்கு மேல் கூடுதல் சந்தா. முதலாளியும் தொழிலாளியும் பாதிப் பாதி.

அங்கே காத்திருப்பு குறைவு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது காப்பீட்டின் மாயமா? மக்கள்தொகைக் கணக்கில் ஜெர்மனியில் மருத்துவமனைப் படுக்கைகள் பிரிட்டனைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். மருத்துவர்களும் அதிகம், செலவும் அதிகம். அந்தப் பணத்தைக் கொடுக்காமல் பெயர்ப்பலகையை மட்டும் மாற்றினால் வரிசை எப்படிக் குறையும்? போதாததற்கு, சந்தா வசூலிக்க ஏகப்பட்ட காப்பீட்டு நிதியங்கள், அவற்றுக்குத் தனித்தனி அலுவலகங்கள் வேறு.

(பிரிட்டனுக்குள் இங்கிலாந்தில் மட்டும் மருந்துச் சீட்டுக்குக் கட்டணம் உண்டு. அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை.)