சனிக்கிழமை ரேஸ்: எஞ்சினை விலைக்குக் கேட்பதா, பூட்டி வைப்பதா, டயரை எண்ணுவதா?

அமெரிக்கச் சிற்றூர்களில் சனிக்கிழமை இரவு நடக்கும் ஸ்டாக் கார் (சாலையில் ஓடும் காரின் வழிவந்த ரேஸ் கார்) ரேஸில், கீழ்வகுப்பில் முதலிடம் பிடித்தால் கிடைப்பது சில நூறு டாலர். ஒரு ரேஸ் டயரின் விலை 150 டாலருக்கு மேல். காருக்கு நான்கு சக்கரம். மேற்கொண்டு கணக்குப் போட வேண்டியதில்லை. வெல்டர், லாரி ஓட்டுபவர், பண்ணைக்காரர், பள்ளிக்கூட பஸ் மெக்கானிக் என்று இங்கே வருகிற யாரும் சம்பாதிக்க வருவதில்லை. எவ்வளவு விட்டுவிட்டு வீடு திரும்புகிறோம் என்பதுதான் அவர்கள் கேள்வி.

குளிர்காலத்தில் ஒவ்வொரு டிராக்கும் அடுத்த ஆண்டுக்கான விதிகளை வெளியிடும். செலவைக் குறைக்கத்தான் இந்த மாற்றம் என்று அதில் தவறாமல் ஒரு வரி இருக்கும். ஆனால் விதி மாறினால் முதலில் வருவதே செலவுதான். போன ஆண்டு வாங்கிய கார்புரேட்டர் இந்த ஆண்டு செல்லாது. அலமாரியில் இருக்கும் ஸ்பிரிங்குகள் பழைய இரும்பு விலைக்குப் போகும். எனவே, செலவைக் குறைப்பதாகச் சொல்லும் விதி எதுவானாலும் நான் இரண்டு விஷயங்களைப் பார்ப்பேன். அது தடுக்கிற செலவு ஒருமுறை வருவதா, வாராவாரம் வருவதா? அதை மீறுகிறவனை, இரவு பதினொரு மணிக்கு டார்ச் விளக்கோடு நிற்கும் ஒரு பரிசோதகரால் பிடிக்க முடியுமா? பழக்கத்தில் உள்ள மூன்று வழிகளையும் இந்தத் தராசில் வைக்கலாம்.

ஐயோவா வழி: உன் எஞ்சினை எனக்குக் கொடு

ஐ.எம்.சி.ஏ. (இன்டர்நேஷனல் மோட்டார் கான்டெஸ்ட் அசோசியேஷன்) 1915-இல் தொடங்கிய பழம்பெரும் ரேஸ் அமைப்பு. 1979-இல் ஐயோவா மாநிலத்தின் வின்டன் ஊரில் அது தொடங்கிய 'மாடிஃபைட்' (முன்சக்கரங்கள் மூடப்படாத ரேஸ் கார்) வகுப்பு, மண் தள ரேஸின் முகத்தையே மாற்றியது. அதன் அச்சாணி 'கிளெய்ம்' விதி. குதிரைப் பந்தயத்தில் விலை குறித்து ஓடவிடும் குதிரையை, அந்த விலைக்கு யார் கேட்டாலும் கொடுத்துவிட வேண்டும் என்ற வழக்கம் உண்டல்லவா, அதேதான் இங்கே எஞ்சினுக்கு. முன்னணியில் முடித்தவரின் எஞ்சினை, தோற்ற ஓட்டுநர் ஒருவர் விதியில் உள்ள விலைக்குக் கேட்கலாம். அந்த விலை பல ஆண்டுகளாக ஐந்நூறு சொச்சம் டாலராகவே இருந்தது. கொடுக்க மறுத்தால் பரிசுப் பணம் போகும், புள்ளிகள் போகும், சில வாரம் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

யோசித்துப் பார்த்தால் அழகான ஏற்பாடு. ஐந்நூறுக்குப் பறிபோகக்கூடிய இடத்தில் எவன் பத்தாயிரம் டாலர் எஞ்சினைப் பொருத்துவான்? பரிசோதகர் வேண்டாம், அளவுகோல் வேண்டாம், சந்தையே காவல்காரன்.

ஆனால் ஊர் சின்னது. யாருடைய எஞ்சினைக் கேட்கிறோமோ அவருடைய கடையில்தான் திங்கட்கிழமை வெல்டிங் கம்பி வாங்க வேண்டும். அவர் பிள்ளையும் நம் பிள்ளையும் ஒரே வகுப்பு. எஞ்சினைக் கேட்பது என்பது 'நீ ஏமாற்றுகிறாய்' என்று ஊர் நடுவே சொல்வதற்குச் சமம். அதனால் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. கேட்பதில்லை என்று தெரிந்துவிட்டால் எஞ்சினின் மதிப்பு விதியின் விலையைப் போலப் பல மடங்கு ஏறிவிடும். சோளக்கொல்லைப் பொம்மைக்குக் காக்கை பழகிவிட்டால் அதன் தோளிலேயே வந்து உட்காரும். இன்னொரு கொடுமையும் உண்டு: கேட்கிற சிலர் வஞ்சம் தீர்க்கவே கேட்பார்கள். குளிர்காலம் முழுக்க ராத்திரியில் கண்விழித்துத் தானே கட்டிய எஞ்சினை ஒருவன் சில நூறு டாலருக்கு இழந்து நிற்பான். பணக்காரனைக் கட்டுப்படுத்த வந்த விதி, உழைப்பவனைத் தண்டித்துவிடும்.

'24 அவர்ஸ் ஆஃப் லெமன்ஸ்' என்ற ஓட்டை கார் பந்தயம் 2006-இல் தொடங்கியது. 500 டாலருக்கு மேல் காருக்குச் செலவழிக்கக் கூடாது என்பது அதன் விதி. சந்தேகம் வந்தால் நடத்துகிறவர்களே உங்கள் காரை விலை கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். அங்கே இது செல்லுபடியாகிறது. கேட்பது பக்கத்து வீட்டுக்காரர் இல்லை; ஓட்டுகிறவர்களும் எல்லாமே கேலிக்கூத்து என்று தெரிந்தே வந்தவர்கள். வாராவாரம் அதே முப்பது பேர் முகம் பார்க்கும் ஊர் டிராக்கில் அந்தச் சலுகை கிடையாது.

தெற்கத்தி வழி: பூட்டிய எஞ்சின்

2000-களின் தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸ், வட்டத் தள ரேஸுக்கென்றே தொழிற்சாலையில் சீல் வைத்த எஞ்சின்களை விற்கத் தொடங்கியது. மரப்பெட்டியில் வரும், அதனால் 'கிரேட்' எஞ்சின். பார்ட் நம்பரின் கடைசி மூன்று எண்களே பெயராகிவிட்டன. 602 என்பது இரும்பு சிலிண்டர் ஹெட், 350 குதிரைத்திறன். 604 என்பது அலுமினிய ஹெட், 400 குதிரைத்திறன். இரண்டுமே 350 கன அங்குலம், அதாவது 5.7 லிட்டர். 602-இன் கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் கலவையை அழுத்தும் விகிதம்) 9.1-க்கு 1 என்பதால் பெட்ரோல் பங்கில் கிடைக்கும் பிரீமியம் பெட்ரோலே போதும். விலை கூடிய ரேஸ் பெட்ரோல் தேவையில்லை.

கட்டுப்பாடே இல்லாத மேல்தட்டு மண் தள லேட் மாடலில் (ரேஸுக்கென்றே கட்டும் கார்) எஞ்சின் 800 குதிரைத்திறனைத் தாண்டும், விலை 40,000 டாலரைத் தாண்டும். 602-க்கு நான்கு இலக்கத்தில் முடித்துவிடலாம். சாம்பியன் வைத்திருக்கும் அதே எஞ்சினை, அதே பார்ட் நம்பரைச் சொல்லி, முதல் நாள் ஓட்ட வருகிறவனும் வாங்கலாம். அமெரிக்கத் தென் மாநிலங்களின் மண் தளங்களில் கிரேட் லேட் மாடல் வகுப்புகள் வேகமாகப் பெருகியதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

நம் ஊரில் இந்த யோசனை அதற்கு முன்பே நடந்து காட்டியது. கோயம்புத்தூர் கரிவரதன் உருவாக்கிய ஃபார்முலா மாருதி காரில் இருந்தது மாருதி 800-இன் 796 சிசி எஞ்சின். எல்லோருக்கும் ஒரே எஞ்சின், எங்கே போனாலும் ஸ்பேர் கிடைக்கும். நரேன் கார்த்திகேயன் தொடக்க காலத்தில் ஓட்டியது அதைத்தான்.

சரி, பூட்டு எவ்வளவு நாள் தாங்கியது? எஞ்சினின் முக்கிய மூடிகளில் தனி வகை போல்ட் போட்டிருந்தார்கள், கழற்றினால் தெரிந்துவிடும். சில காலத்தில் போலி போல்ட்டுகள் வந்தன. உள்ளே வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட்டை மாற்றிவிட்டு, புது போல்ட் போட்டு, ஒன்றும் தெரியாத முகத்தோடு வந்தார்கள். உடனே ரேஸ் அமைப்புகள் எண் பொறித்த கம்பி சீல்களைத் தாங்களே கொண்டுவந்தன. குறிப்பிட்ட பட்டறைகள்தான் எஞ்சினைத் திறக்கலாம் என்றன. அவன் தடுக்கில் பாய்ந்தால் இவன் கோலத்தில் பாய்கிறான். சீலைத் தொடாமலும் வழி உண்டு: கையில் காசுள்ளவன் நான்கைந்து எஞ்சின் வாங்கி, ஒவ்வொன்றையும் திறனை அளக்கும் டைனோ இயந்திரத்தில் ஓட்டிப் பார்த்து, நல்லதை வைத்துக்கொண்டு மற்றதை விற்றுவிடுவான். இதில் எந்த விதியும் மீறப்படவில்லை.

பெரிய பிரச்சினை அதுவும் இல்லை. எல்லோருக்கும் எஞ்சின் ஒன்று என்றானதும் பணம் எஞ்சினை விட்டு ஷாக் அப்சார்பருக்குக் குடிபெயர்ந்தது. வெளியே பார்த்தால் சாதாரணக் குழாய். உள்ளே வால்வுத் தகடுகளை அடுக்கும் விதத்தில்தான் வித்தை. அதைக் கண்டுபிடிக்க ஷாக்கை அறுக்க வேண்டும், அல்லது தனி இயந்திரத்தில் ஏற்றிப் பார்க்க வேண்டும். எந்த ஊர் டிராக்கில் அது இருக்கிறது? கொரோனாவை ஒட்டி வந்த தட்டுப்பாட்டில் இன்னொரு பலவீனமும் வெளிப்பட்டது: ஒரே கம்பெனியை நம்பிய வகுப்பில், அந்தக் கம்பெனி கை விரித்தால் காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

எனக்குத் தனிப்பட்ட வருத்தம் ஒன்றும் உண்டு. ஊரில் எஞ்சின் கட்டத் தெரிந்த ஒரு கிழவர் இருப்பார். சிலிண்டர் துளை சரியாக இருக்கிறதா என்பதை விரலால் தடவியே சொல்வார். கிரேட் வந்த பிறகு அவருக்கு வேலையில்லை.

மூன்றாவது வழி: டயரை எண்ணு

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். எஞ்சின் விலையைப் பற்றி மணிக்கணக்காகச் சண்டை போடுகிறவர்கள், வாராவாரம் டிரெய்லரிலிருந்து இறங்கும் புது டயரைக் கண்டுகொள்வதில்லை.

ஒரு கணக்கு. சீசனுக்கு இருபது சனிக்கிழமை, டயர் 160 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வாரமும் நான்கு புது டயர் போட்டால் 12,800 டாலர். வாரத்துக்கு ஒன்றுதான் புதிது, மற்றது போன வாரத்தது என்று விதி போட்டால் 3,200. மிச்சம் 9,600. புத்தம் புது 602-க்கு அதுவே போதும், அதுவும் ஒரே சீசனில்.

தார் தளத்தில் மென்மையான புது டயர் தரும், வினாடியில் பத்தில் சில பங்கு லாபம்தான் முதலிடத்துக்கும் ஐந்தாமிடத்துக்கும் உள்ள வித்தியாசம். அதனால் ஒருவன் புதிது போட்டால் எல்லோரும் போட்டாக வேண்டும். எல்லோரும் போட்டபின் யாருக்கும் லாபமில்லை. கடைக்காரருக்கு மட்டும் உண்டு. இதை முன்பே புரிந்துகொண்டவர்கள் ஐயோவாக்காரர்கள். மாடிஃபைடுக்கு ஹூசியர் கம்பெனியின் ஒரே வகை டயர், பக்கவாட்டில் ஐ.எம்.சி.ஏ. முத்திரையோடு. கெட்டியான ரப்பர், பல இரவு தாங்கும். கிளெய்ம் விதியைப் புகழ்கிற பலர், அந்த வகுப்பைக் காப்பாற்றியதில் பாதிப் பெருமை இந்தக் கெட்டி டயருக்கு என்பதை மறந்துவிடுகிறார்கள் என்பது என் கட்சி.

இதிலும் ஏமாற்று இல்லாமல் இல்லை. ரப்பரை இளக்கும் ரசாயனத்தில் ஊறவைப்பார்கள். துண்டு வெட்டி ஆய்வகத்துக்கு அனுப்பினால்தான் பிடிபடும். ஒரே கம்பெனி டயர் என்றால் விலையும் அவர்கள் வைத்ததுதான். 1957-இல் இந்தியானாவில் ஒரு தம்பதி தொடங்கிய ஹூசியர், 2016-இல் கான்டினென்டல் கைக்குப் போய்விட்டது. ஆனாலும் வரிசை எண்ணைக் குறித்துக்கொள்ள ஒரு நோட்டும் பேனாவும் போதும். ரப்பரின் கெட்டித்தன்மையைப் பார்க்கும் மானி உள்ளங்கையில் அடங்கும். டார்ச்சோடு நிற்கும் நம் பரிசோதகரால் இதைச் செய்ய முடியும்.

கையால் தொட்டுச் சரிபார்க்க முடிவது எவ்வளவு முக்கியம் என்பது அமெரிக்காவின் பெரிய ஸ்டாக் கார் அமைப்பான நாஸ்காரின் முதல் 'ஸ்ட்ரிக்ட்லி ஸ்டாக்' (மாற்றம் செய்யாத கார்) ரேஸிலேயே தெரிந்துவிட்டது. 1949 ஜூன் 19, சார்லட். முதலில் வந்தவர் கிளென் டனவே. பரிசோதனையில் அவருடைய ஃபோர்டின் பின்பக்க ஸ்பிரிங்குகளை மாற்றியமைத்திருப்பது தெரிந்தது. கள்ளச்சாராயம் கடத்துகிறவர்கள் செய்யும் வேலை அது. வெற்றி ஜிம் ரோப்பருக்குப் போனது. கார் உரிமையாளர் நீதிமன்றம் போனார், வழக்கு நிற்கவில்லை. ஸ்பிரிங் என்பதால் கண்ணுக்குத் தெரிந்தது. அதே தில்லுமுல்லு இன்று ஷாக் எண்ணெய்க்குள் ஒளிந்திருந்தால்?

என்னிடம் ஒரு டிராக்கைக் கொடுத்தால் டயர் விதிதான் முதலில் வரும். நடுத்தர வகுப்புக்கு 602. கிளெய்ம் விதி, உடைப்புக் கடையிலிருந்து எஞ்சின் எடுக்கும் கடைசி வகுப்புக்கு மட்டும்; அங்கே எஞ்சினை இழந்தாலும் யாரும் அழமாட்டார்கள். ஷாக்குக்கு, குறிப்பிட்ட கம்பெனியின் குறிப்பிட்ட நம்பர், திருகிச் சரிசெய்ய முடியாத வகை. மூன்று ஆண்டுக்கு இதில் ஒரு வரியும் மாறாது என்று வாசலில் எழுதி வைப்பேன். நல்ல யோசனை நடுவில் வந்தாலும் மாற்றமாட்டேன்.

கடைசி வகுப்புக்கு எந்தக் கார்?

இங்கேதான் விதியை விடக் கார் சந்தை அதிகாரம் செலுத்துகிறது. ஸ்ட்ரீட் ஸ்டாக் என்ற இந்தக் கீழ்வகுப்பைப் பல ஆண்டு சுமந்தது ஜெனரல் மோட்டார்ஸின் 1978–88 நடுத்தரக் கார்கள்: மான்டி கார்லோ, மாலிபு, ரீகல், கட்லஸ். நல்ல ஃப்ரேம், எல்லாவற்றுக்கும் ஸ்பேர். இப்போது துருப்பிடிக்காத ஒன்று கிடைத்தால் பழைய கார் ரசிகர்கள் ரேஸ்காரரை விட அதிக விலை கொடுத்துத் தூக்கிப் போகிறார்கள். நியான், கேவலியர், சிவிக் போன்ற நாலு சிலிண்டர் முன்சக்கர வண்டிகள்தான் ஆக மலிவு. பதினாறு வயதுப் பிள்ளைக்கு அதைவிட நல்ல தொடக்கம் இல்லை. ஆனால் அதில் கற்ற ஓட்டம், பின்சக்கரம் தள்ளும் காருக்கு மாறும்போது அதிகம் கைகொடுக்காது.

என் ஓட்டு ஃபோர்டு கிரவுன் விக்டோரியாவுக்கு. போலீஸும் டாக்சிக்காரர்களும் ஓட்டித் தள்ளிய கார், 4.6 லிட்டர் வி8, தனி ஃப்ரேம், பின்சக்கர இழுவை. எல்லாம் ஒரே அச்சு. உள்ளே ஓட்டுநரைக் காக்கும் இரும்புக் கூண்டு கட்டி, கண்ணாடிகளைக் கழற்றி, மற்றதைத் தொடாதே என்று விதி போட்டால் அநேகமாக முடிந்தது. ஒரு குறை: 2011-இல் உற்பத்தி நின்றுவிட்டது. அதன் பிறகு போலீஸ் பெருமளவில் வாங்கியது ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரும் டாட்ஜ் சார்ஜரும். சார்ஜரின் பலம் மிகுந்த ஹெமி வி8 எஞ்சினைப் புதுப் பையன்கள் கையில் கொடுப்பதற்கில்லை. எக்ஸ்ப்ளோரர் எஸ்யூவி கால் மைல் வட்டத்தில் முப்பது வண்டியாகச் சாய்ந்து வருவதை நினைத்தால் எனக்கு இப்போதே வயிற்றைக் கலக்குகிறது.