மாமியார் தைத்த பூவேலைத் துணிகள்: 20 ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

என் மாமியார் தமது திருமணத்துக்கு முன், 1960களில், கையால் பூவேலை செய்த வீட்டுத் துணிகள் 2004ஆம் ஆண்டில் சென்னைக்கு என் பொறுப்பில் வந்து சேர்ந்தன. எட்டுத் தலையணை உறைகள், இரண்டு மேசை விரிப்புகள், தட்டுகளை மூடும் ஆறு சிறு துணிகள், ஒரு ரேடியோ உறை. அவர் பிறந்து வளர்ந்தது நாகர்கோவில். லண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த மார்த்தா மால்ட் ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்கு முன்பே பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்த ஊர் என்பதில் அவருக்குச் சற்றுப் பெருமையும் உண்டு. ரேடியோ உறைக்கு மட்டும் இன்று வேலையில்லை. மிக்ஸியின் மேல் போட்டுப் பார்த்தேன், பொருந்தவில்லை.

மேசை விரிப்புகளில் பெரியது ஆளிச்செடி நாரில் நெய்த அசல் லினன். மற்றவை எல்லாம் லாங்கிளாத் என்ற வெள்ளைப் பருத்தித் துணி. விலை உயர்ந்தது என்பதால் லினன் விரிப்பைக் கஞ்சி போட்டு, மடிப்பு கலையாமல் இஸ்திரி செய்து பீரோவில் பத்திரப்படுத்தினேன். சாதாரணத் துணிதானே என்று தலையணை உறைகளை அன்றாடப் புழக்கத்தில் விட்டேன். ஏழு ஆண்டுகள் கழித்து நவராத்திரிக்காக விரிப்பை எடுத்தபோது, மடிப்பு விழுந்த கோடுகள் பழுப்பேறி, இரண்டு இடங்களில் இழை ஒடிந்திருந்தது. கஞ்சியின் ருசிக்கு வந்த ராமபாணப் பூச்சி ஒரு மூலையை அரித்தும் இருந்தது. லினன் இழை வலிமையானதுதான், நனைந்தால் இன்னும் வலுவாகும். ஆனால் அதற்கு நெகிழ்வு குறைவு என்பதால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மடித்து அழுத்தினால் அந்த இடத்திலேயே முறிந்துவிடும். மாதம் இருமுறையேனும் துவைக்கப்பட்ட தலையணை உறைகளோ அப்போதும் முழுதாக இருந்தன. அன்றுமுதல் எந்தத் துணியையும் கஞ்சியோடு உள்ளே வைப்பதில்லை. லினன் விரிப்பை மடிக்காமல், பழைய வேட்டி சுற்றிய அட்டைக் குழாயின்மேல் சுருட்டி வைத்திருக்கிறேன்.

தலையணை உறைகளுக்கு நம் வீடுகளில் முதல் எதிரி தேங்காய் எண்ணெய். துவைத்தபின் கறை போய்விட்டதாகத் தோன்றினாலும், இழைக்குள் தங்கிய எண்ணெய் இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் மஞ்சளாக நிலைத்துவிடுகிறது. ஆகவே எண்ணெய்ப் பிசுக்கு முற்றிலும் நீங்கியதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் நான் இஸ்திரி போடுவதில்லை. போடும்போதும் பூவேலைப் பக்கம் தடித்த துவாலையின்மேல் கவிழ்ந்திருக்க, பின்புறத்தில்தான் போடுவேன். மேலிருந்து அழுத்தினால், ஊசியில் நூலைச் சுற்றிப் போட்ட பிரெஞ்சு முடிச்சுகள் தட்டையாகிவிடும். (அந்த முடிச்சுகளின் பதிவு கன்னத்தில் இருக்க, என் மகள் பல நாள் பள்ளிக்குப் போயிருக்கிறாள்.)

அடுத்தது தண்ணீர். எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரில் இரும்பு அதிகம். ஓராண்டில் வெள்ளைத் துணிகள் செம்பழுப்பாயின. வெளுக்கும் என்று நம்பி ஒரு சலவைக் கடையில் இரண்டு உறைகளைக் கொடுத்தேன். அவர்கள் குளோரின் பிளீச்சில் ஊறவைத்ததில் துரு இன்னும் அழுத்தமாகப் பிடித்தது, துணியும் நைந்தது. அந்த இரண்டும் இன்று பயன்பாட்டில் இல்லை. துருவுக்கு அமிலமே மருந்து. எலுமிச்சைச் சாற்றைத் தடவிச் சிறிது நேரம் வைத்து, பிறகு பலமுறை அலசினால் புதிய துருக்கறை போய்விடுகிறது. கடைசி அலசலுக்குக் கேன் தண்ணீர் பயன்படுத்துகிறேன் என்று சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள், ஆனால் பலன் தெரிகிறது.

தட்டு மூடும் துணிகளில் சாம்பார் சிந்தாத வாரமில்லை. முதன்முறை அந்த மஞ்சள் கறையில் சோப்பு போட்டதும் அது இரத்தச் சிவப்பாக மாறியதைப் பார்த்துத் திகைத்துப்போனேன். மஞ்சளுக்குக் காரம் பட்டால் அப்படித்தான் நிறம் மாறும். நன்றாக அலசினால் மீண்டும் மஞ்சளாகும். மிச்சக் கறையை வெயிலே எடுத்துவிடும், சென்னை வெயிலுக்கு இரண்டு நாள் போதும். ஒரே கவனம், அதே வெயில் பூநூலின் சாயத்தையும் வெளிறச் செய்யும் என்பதால், பூக்களைப் பழைய துணியால் மறைத்துக் கறையை மட்டும் வெயிலுக்குக் காட்ட வேண்டும்.

பழுதுபார்ப்பதில்தான் எனக்கு இன்னும் கை வரவில்லை. உறைகளில் காம்புத் தையலும் சங்கிலித் தையலும் தாங்கியிருக்கின்றன. இலைகளை நிரப்பிய நீளமான சாட்டின் தையல்தான் கொலுசிலும் வளையலிலும் சிக்கி முதலில் அறுந்தது. ஒருமுறை அவசரத்துக்குப் பெயர் தெரியாத சிவப்பு நூலை வாங்கித் தைத்தேன். முதல் துவைப்பிலேயே சாயம் இறங்கி ரோஜா நிறத் தேமல் படிந்தது, இன்றுவரை போகவில்லை. இப்போது எந்தப் புதிய நூலையும் ஈரமான வெள்ளைத் துணியில் அழுத்திச் சோதித்த பிறகே ஊசியில் கோக்கிறேன். தி.நகரிலும் பாரிமுனைப் பக்கத்திலும் உள்ள தையல் பொருள் கடைகளுக்குப் பழைய துணியையே எடுத்துச் சென்று, ஆங்கர் என்ற நிறுவனத்தின் பூநூலில் நிற எண் பார்த்து வாங்குகிறேன். வாங்கும்போது கொஞ்சம் வெளிறிய நிறமாகத் தேர்ந்தெடுப்பது நல்லது. அறுபது ஆண்டு வெளுப்பின் பக்கத்தில் அசல் நிறம் பளிச்சென்று துருத்திக்கொண்டு நிற்கும். ஆறு இழை கொண்ட நூலைப் பிரித்து இரண்டிழையாகத் தைத்தால்தான் பழைய தையலின் கனத்தோடு ஒத்துப்போகிறது.

பயன்பாட்டில் மிஞ்சியிருப்பவை ஆறு உறைகள். அவற்றில் ஒன்றில், 'குட் நைட்' என்ற ஆங்கில எழுத்துகளுக்கு மேலிருந்த ரோஜாவின் இதழ் முழுவதுமாகத் தேய்ந்து, அடியில் கார்பன் தாளால் படியெடுத்த நீலக் கோடு தெரிகிறது. அடுத்த முறை அந்தக் கோட்டின் மேலேயே தைக்கப்போகிறேன். இளஞ்சிவப்பில் சரியான நிறம் மட்டும் இன்னும் கிடைத்தபாடில்லை.