குறைப்பதா, விடுவதா?
நாளுக்கு இருபது சிகரெட் பிடித்தவர் ஐந்தாகக் குறைத்தால் ஆபத்தும் கால்வாசி ஆகிவிடும் என்று கணக்குப் போடுகிறோம். உடம்பின் கணக்கு வேறு. குறைத்தவரை டீக்கடை வாசலில் கவனியுங்கள்: ஒவ்வொரு இழுப்பும் ஆழம், பஞ்சு சுடும்வரை விடமாட்டார். நிகோட்டின் பாக்கியை அப்படித்தான் வசூலிக்கிறார். அப்புறம், நுரையீரல் புற்றுநோயில் எண்ணிக்கையைவிட எத்தனை வருடம் புகைத்தோம் என்பதுதான் பெரிது. குறைத்தாலும் அந்த மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும்.

விட்டவர் கதை வேறு. 1951இல் ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்ட் ஹில்லும் பிரிட்டிஷ் மருத்துவர்களிடம் தொடங்கிய ஆய்வின் ஐம்பதாண்டு முடிவு 2004இல் வந்தது. விடாமல் புகைத்த ஆண்கள் சராசரியாக 10 ஆண்டு முன்னதாக இறந்தார்கள். அந்தப் பத்தில் 60 வயதில் விட்டவருக்கு 3 ஆண்டு திரும்பக் கிடைத்தது, 50இல் விட்டால் 6, 40இல் 9. 30இல் விட்டவருக்கு ஏறக்குறைய முழுசும்.

விட்டதன் பலன் ஒரு நாட்டின் இறப்புக் கணக்கில் தெரிவதற்கு மட்டும் காலம் பிடிக்கும். அமெரிக்க அரசின் எச்சரிக்கை அறிக்கை 1964இல் வந்தது. ஆண்களின் நுரையீரல் புற்றுநோய் இறப்பு வீதம் இறங்கத் தொடங்கியது 1990களில்தான். பெண்களிடம் புகைப்பழக்கம் பிந்திப் பரவியதால் இறக்கமும் பிந்தியது.

குறைப்பது வீண் என்று சொல்லவில்லை. விடும் தேதியைக் குறித்துவிட்டுக் குறைத்தால் சரி. தேதி இல்லாமல் குறைத்தவர்களில் எனக்குத் தெரிந்த இருவர், தீபாவளிக்குள் பழைய பாக்கெட்டுக்கே வந்துவிட்டார்கள்.