850 ராண்டுக்கு வாங்கிய ‘டமாஸ்கஸ்’ வேட்டைக் கத்தி: வாங்கப்போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

குளிர்காலம் தொடங்கியதும் தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வர்த், பீனிக்ஸ் பகுதிகளில் உள்ள நம்மவர்கள் பலர் வடக்கே ஜூலுலாந்துப் பண்ணைகளுக்கு இம்பாலா மான் வேட்டைக்கும், மேற்கே டிராகன்ஸ்பர்க் மலையடிவாரத்தில் முகாமிடவும் புறப்படுவது வழக்கம். அதற்கென்று மடங்காத பெரிய கத்தி ஒன்றைக் குறைந்த விலையில் வாங்க நினைப்பவர்கள் நான் ஏமாந்த விதத்தை அறிந்துகொண்டால் பணம் மட்டுமல்ல, விரலோ முழங்காலோகூடத் தப்பலாம்.

சென்ற ஆண்டு மே மாதம், வார இறுதியில் கூடும் சந்தை ஒன்றில், பெயர்ப்பலகையே இல்லாத ஒரு மேசைக்கடையில் அந்தக் கத்தியைப் பார்த்தேன். அலகு 25 செ.மீ. நீளம், முதுகு ஏறக்குறைய 6 மி.மீ. தடிப்பு. எஃகுகளை அடுக்கி அடித்துச் செய்யும் டமாஸ்கஸ் கத்தியில் தெரிவதுபோல், அலகு முழுவதும் நீரலை போன்ற வரிகள் ஓடின. பிடியில் எலும்பும் கரிய மரமும் மாறிமாறி அடுக்கப்பட்டு, இடையிடையே பித்தளை வளையங்கள் மின்னின. நானும் மச்சானும் தமிழில் பேசிக்கொண்டதைக் கேட்ட கடைக்காரர், “அண்ணா, இது இருநூறு அடுக்கு டமாஸ்கஸ், இந்த இரும்பு பிடியின் கடைசி வரைக்கும் ஓடுகிறது” என்று சொல்லி, பிடியின் முனையில் இருந்த பித்தளை மறையை, அதாவது நட்டை, தட்டிக் காட்டினார். 1,200 ராண்ட் என்று தொடங்கிய விலை 850க்கு இறங்கியது. இந்த ஊரில் ஓர் இளைஞர் ‘அண்ணா’ என்று அழைப்பது அரிதாகிவிட்டதால், அந்த ஒரு சொல்லுக்கே நான் பாதி மயங்கிவிட்டேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஜூலை மாதம் போங்கோலா பக்கத்தில் அனுமதி பெற்று ஒரு தனியார் பண்ணைக்குப் போனோம். முதலில் காட்டிக்கொடுத்தது உறை. வளைந்து அமர்ந்தபோது அலகின் கூர் உறையின் தையலை அறுத்துக்கொண்டு வெளியே வந்து என் காற்சட்டையைக் கிழித்தது. நல்ல தோலுறையில் தையலுக்கு உட்புறமாக ஒரு தடித்த தோல்பட்டையை வைத்துத் தைப்பார்கள். கூர் அந்தப் பட்டையில்தான் படும், நூலில் படாது. இந்த உறையில் அந்தப் பட்டையே இல்லை. அப்போதே எச்சரிக்கை அடைந்திருக்க வேண்டும், அடையவில்லை.

மச்சான் சுட்ட இம்பாலாவின் வயிற்றைத் திறந்து குடலை எடுக்கும் வேலை முழுவதையும் அவருடைய 10 செ.மீ. சிறு கத்தியே செய்து முடித்தது. நெஞ்செலும்பைப் பிளக்க மட்டும் என்னுடைய பெரிய கத்தியை எடுத்தோம். மூன்றே வெட்டில் கூர் ஓரிடத்தில் மடங்கி, நகத்தால் தடவினாலே தெரியும் அளவுக்குச் சுருண்டுவிட்டது. இம்பாலா அப்படியொன்றும் பெரிய விலங்கு அல்ல; ஆண் இம்பாலாகூட 60 கிலோ அளவில்தான் இருக்கும். குடு என்னும் பெரிய மானின் எலும்பாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

மாலையில் நெருப்பு மூட்டுவதற்காக, முன்கை அளவு தடிப்புள்ள உலர்ந்த முள்மரக் கட்டை ஒன்றின் தலையில் அலகை வைத்து, அதன் முதுகை இன்னொரு கட்டையால் தட்டினேன். நான்காவது தட்டில் பிடி ஒரு பக்கம் சாய்ந்தது. அலகு பிடிக்குள்ளேயே முறிந்து கழன்று, எதிரே குந்தியிருந்த மச்சானின் முழங்காலை ஒட்டிப் பறந்து மணலில் குத்திக்கொண்டது. சற்று நேரம் இருவருமே பேசவில்லை.

பிறகு விளக்கு வெளிச்சத்தில் பிடியைக் கழற்றிப் பார்த்தபோதுதான் மோசடி முழுவதும் தெரிந்தது. அலகின் இரும்பு பிடிக்குள் வெறும் 4 செ.மீ. மட்டுமே சென்றிருந்தது. அந்தக் குட்டை வாலின் நுனியில், பென்சிலைவிட ஒல்லியான, திருகுப்புரி கொண்ட ஒரு சாதாரணக் கம்பியை வெல்டிங் செய்து, அதைப் பிடியின் கடைசி வரை நீட்டி, முனையில் பித்தளை மறையை முடுக்கியிருந்தார்கள். மிச்ச இடத்தை நிரப்பியது பசை. ‘கடைசி வரைக்கும் ஓடுகிறது’ என்றது ஒருவகையில் உண்மைதான், ஓடியது வேறு இரும்பு என்பதைத்தான் அவர் சொல்லவில்லை. இதைவிட முக்கியமான ஒன்றையும் கவனித்தேன். வெல்டிங் இணைப்பருகே முறிந்திருந்த வாயின் ஒரு பாதி புதிதாக உடைந்த இரும்பின் பளபளப்போடு இருந்தது, மறுபாதியில் பழுப்புத் துரு ஏறியிருந்தது. அதாவது, என் கைக்கு வருவதற்கு முன்பே அந்த இடத்தில் விரிசல் இருந்திருக்கிறது.

கார்பன் மிகுந்த எஃகில் முன்சூடும் பின்சூடும் கொடுக்காமல் வெல்டிங் செய்தால், இணைப்பை ஒட்டிய பகுதி கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மையை அடைந்துவிடும். ஓங்கித் தட்டும்போது பெரும் விசை போய்ச் சேருவதும் அதே இடத்தில்தான். ஆகவே இது தற்செயலாக நேர்ந்த குறை அல்ல. இப்படிச் செய்யப்பட்ட கத்தி என்றைக்காவது ஒருநாள் முறிந்தே தீரும்.

ஊர் திரும்பியதும், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் கத்தி செய்வதைத் தொழிலாகக் கொண்ட ஒரு பெரியவரிடம் இரு துண்டுகளையும் கொண்டுபோனேன். அவர் முதலில் கூரின் அருகே அரத்தை இழுத்தார். நன்றாகத் தோய்ச்சல் (சூடேற்றித் தோய்த்துக் கடினமாக்குதல்) ஏறிய கூரில் அரம் வழுக்க வேண்டும், அல்லது தயங்கித்தான் கடிக்க வேண்டும். இதில் வாழைத்தண்டை அரிவதுபோல் இறங்கியது. வெட்டு வேலைக்கான பெரிய கத்திகளைப் பொதுவாக, எஃகின் கடினத்தைக் காட்டும் ராக்வெல் சி அளவில் 55 முதல் 58 வரை கடினப்படுத்துவார்களாம். இது அதற்குக் கிட்டவும் வராது என்றார். பிறகு அலகின் ஓர் அங்குலத்தை உப்புத்தாளால் தேய்த்து வரிகளை நீக்கிவிட்டு, அந்த இடத்தை ஃபெரிக் குளோரைடு கரைசலில் நனைத்தார். இன்று செய்யப்படும் உண்மையான டமாஸ்கஸ் என்பது இருவகை எஃகுகளை, பெரும்பாலும் கார்பன் எஃகான 1095ஐயும் நிக்கல் கலந்த 15என்20ஐயும், அடுக்கி அடித்து ஒன்றாக்கியது. அமிலம் பட்டால் ஒன்று கறுத்து, நிக்கல் உள்ளது வெளிறி நிற்பதால் வரிகள் மீண்டும் தோன்றும். என் கத்தியில் ஒரே சாம்பல் நிறம்தான் வந்தது. வரிகள் வெறும் மேற்பூச்சு வேலை.

அவர் கேட்ட ஒரு கேள்வியை இங்கே எழுதாமல் இருக்க முடியவில்லை: “இரண்டு எஃகை அடுக்கி, உலையில் வைத்து, நாள்முழுக்க அடித்துச் செய்யும் பொருளை 850 ராண்டுக்கு எவன் கொடுப்பான் தம்பி?” எலும்புக்கும் பித்தளை வளையத்துக்கும் வரிகளுக்கும் போன செலவெல்லாம் எஃகிலிருந்தும் தோய்ச்சலிலிருந்தும் பிடுங்கப்பட்டதுதான் என்பதை அதற்குப் பிறகுதான் உணர்ந்தேன். மலிவான கத்தி வாங்குவதில் தவறில்லை. மலிவான கத்தியில் அலங்காரம் மிகுந்திருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

“முதுகில் கட்டையால் அடித்தால் எந்தக் கத்தியும் உடையத்தான் செய்யும்” என்று சிலர் என்னிடமே சொன்னார்கள், கடைக்காரரும் அதையேதான் சொன்னார். நான் ஏற்கமாட்டேன். உம்சின்டோ பக்கம் கரும்புத் தோட்டத்தில் வேலை செய்த என் தாத்தாவின் பங்கா எனும் நீண்ட வெட்டுக்கத்தி, தடிப்பில் இதில் பாதிகூட இராது. பல ஆண்டுகள் கரும்பையும் புதரையும் வேலிக்கம்பையும் வெட்டி, தீட்டித் தீட்டி அலகு குறுகிப் போனதே தவிர, முறியவில்லை. அதில் அலகும் பிடியும் ஒரே தகடு. இருபுறமும் மரத்துண்டை வைத்து ஆணி அடித்திருந்தார்கள், அவ்வளவுதான்.

இங்கே ஒரு நுணுக்கத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். பிடிக்குள் மறைந்து செல்லும் ஒடுங்கிய வால் என்றாலே மோசடி என்று நான் சொல்லவில்லை. 1942இல் அமெரிக்க மரைன் படை ஏற்றுக்கொண்ட கேபார் கத்தியின் வாலும் தோல் வளையங்களுக்குள் மறைந்ததுதான். சுவீடனின் மோரா நிறுவனம் செய்யும் மலிவான கம்பேனியன் கத்தியின் வால் பிடியின் கடைசி வரை செல்வதில்லை, ஆனாலும் தன் அளவுக்குரிய வேலையைக் குறையின்றிச் செய்கிறது. வால் அலகோடு ஒரே இரும்பாக இருக்க வேண்டும், அலகு குறுகி வாலாகும் மூலைகள் செங்கோணமாக வெட்டப்படாமல் வளைவாக இறங்க வேண்டும். இந்த இரண்டையும் வெளியிலிருந்து பார்த்து உறுதிசெய்ய முடியாது என்பதால், செய்தவர் யாரென்றே தெரியாத பெரிய கத்தியில் பிடியின் விளிம்பு முழுவதும் இரும்பு கண்ணுக்குத் தெரிந்தாலொழிய நான் இனிப் பணம் கொடுக்கமாட்டேன். அப்படித் தெரிந்தாலும், பிடியைச் சுற்றி ஒட்டிய மெல்லிய தகடா அது, அலகின் தடிப்பே தொடர்கிறதா என்பதை விரலால் தடவிப் பார்க்க வேண்டும்.

எஃகின் பெயரையும் கேளுங்கள். ‘சர்ஜிக்கல் ஸ்டீல்’ என்பது ஓர் எஃகின் பெயரே அல்ல. வெறுமனே ‘440’ என்று பொறித்திருந்தாலும் போதாது, ஏனெனில் 440ஏயில் கார்பன் 0.60 முதல் 0.75 விழுக்காடு, 440சியில் 0.95 முதல் 1.20 விழுக்காடு, இரண்டும் கூரைத் தாங்கும் விதமே வேறு. காந்தம் ஒட்டினால் நல்ல எஃகு என்று சந்தையில் சொல்வார்கள். கத்திக்குப் பயன்படும் ஏறக்குறைய எல்லா எஃகும், மட்டமான 420 உட்பட, காந்தத்தில் ஒட்டும். அது எதையும் நிரூபிப்பதில்லை.

அடுத்த சனிக்கிழமை துண்டுகளோடு கடைக்காரரிடம் போனேன். முதலில், இது தன்னிடம் வாங்கிய கத்தியே அல்ல என்றார். மச்சான் அலைபேசியில் இருந்த, அதே மேசையருகே எடுத்த படத்தைக் காட்டியதும், அதே குவியலிலிருந்து வேறொன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார். “சரி, அதன் பிடியை இங்கேயே கழற்றிக் காட்டுங்கள்” என்றேன். மறுத்துவிட்டார், பணமும் தரவில்லை.

சட்டம் என் பக்கம்தான் இருந்தது. 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 56ஆம் பிரிவின்படி, தரக்குறைவான பொருளை ஆறு மாதத்துக்குள் விற்றவரிடமே திருப்பிக் கொடுக்கலாம். பழுது பார்ப்பதா, மாற்றுவதா, பணத்தைத் திருப்புவதா என்று தீர்மானிப்பது வாங்கியவர், விற்றவர் அல்ல. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்ற அட்டையை மேசையில் வைப்பதால் அந்த உரிமை அற்றுப்போகாது. இணையத்தில் வாங்கியிருந்தால், பொருள் கிடைத்த ஏழு நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பி அனுப்பும் உரிமையும் பெரும்பாலும் உண்டு, அனுப்பும் செலவு மட்டும் நம்முடையது. நுகர்வோர் பொருள் சேவைக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் புகாரும் கொடுக்கலாம். ஆனால் யார்மீது கொடுப்பது? நான் ரொக்கமாகக் கொடுத்தேன், என் கையில் இருந்ததோ ‘850’ என்று மட்டும் எழுதிய ஒரு துண்டுத்தாள். விற்றவரின் பெயர், முகவரி, தேதி, பொருளின் விவரம் எல்லாம் எழுதிய ரசீதைத் தருவதும் அதே சட்டத்தின்படி விற்பவரின் கடமை. அதைக் கேட்காமல் நகர்ந்தது என் தவறு, மற்றதெல்லாம் அவருடையது.

இப்போது நான் வைத்திருப்பது 1095 எஃகில் செய்த, 18 செ.மீ. அலகுள்ள, கறுப்புப் பூச்சு பூசிய ஓர் அழகற்ற கத்தி. நிலையான கடையில், முழு ரசீதோடு 1,350 ராண்ட் கொடுத்தேன். அதன் பிடித்தட்டுகளை இரண்டு திருகாணிகள்தான் பிடித்திருக்கின்றன. கடையிலேயே கழற்றிப் பார்த்த பிறகே வாங்கினேன், கடைக்காரர் முகம் சுளிக்கவில்லை. ஈரத்தில் துருப்பிடிக்கும் என்பதால் ஒவ்வொரு முறையும் துடைத்து எண்ணெய் பூச வேண்டியிருக்கிறது. அந்தச் சிரமம் எனக்குச் சம்மதமே.

சென்ற ஞாயிறு அந்தச் சந்தைப் பக்கம் போயிருந்தேன். அதே மேசை, அதே வரிபோட்ட கத்திகள், பிடியின் முனையில் அதே பித்தளை மறை. விலை மட்டும் 950 ஆகியிருந்தது.