ரிங்லெட்டில் ஒரு பழைய துரை பங்களா: முன்னறையும் குசினிப் பக்கத்து அறையும்

மலேசியாவின் கேமரன் மலையில், ரிங்லெட் பசாரைத் தாண்டித் தேயிலைத் தோட்டமும் காடும் சந்திக்கும் ஒரு மேட்டில் நிற்கும் பழைய துரை பங்களாவில், கடந்த நவம்பர் இறுதியில் என் அப்பா, மனைவி, மகன் ஆகியோருடன் மூன்று இரவுகள் தங்கினேன். முதல் இரவு 480 வெள்ளி (ரிங்கிட்) வாடகையுள்ள முன்னறையிலும், அடுத்த இரண்டு இரவுகள் குசினியை ஒட்டிய 220 வெள்ளி அறையிலும் கழிந்ததால், ஒரே கூரையின் கீழ் இரண்டு விடுதிகளில் தங்கிய அனுபவம் எங்களுக்குக் கிடைத்தது. குறைகளையும் எழுதப் போவதால் விடுதியின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். அவ்வட்டாரத்தில் அதே வயதுடைய வீடுகள் இன்னும் சில இருக்கின்றன. அவற்றில் தங்க நினைப்பவர்களுக்கும் இங்கே சொல்பவற்றில் பெரும்பகுதி பொருந்தும்.

ஈப்போவிலிருந்து செல்பவர்கள் இப்போதெல்லாம் சிம்பாங் பூலாய் சாலையில்தான் ஏறுகிறார்கள். ஆனால் அது மலையின் வடபகுதியில் கொண்டுபோய் விடும். ரிங்லெட்டுக்குத் தாப்பா வழியே ஏறும் பழைய சாலைதான் நேர்வழி; தாப்பாவிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர். வளைவுகள் முடிவில்லாமல் வரும். லாத்தா இஸ்கண்டார் அருவியருகே வண்டியை நிறுத்தி, மகனின் வயிறு அடங்கும்வரை காத்திருந்துவிட்டுப் புறப்பட்டோம். ரிங்லெட்டிலிருந்து பங்களாவுக்குப் போகும் கடைசி இரண்டு கிலோமீட்டர் தோட்டச் சாலை. தார் பாதி, கல் பாதி. தாழ்வான கார்களைக் கீழே நிறுத்திவிட்டால் விடுதியின் ஜீப் வந்து ஏற்றிக்கொள்கிறது. அதற்குத் தனிக் கட்டணம் இல்லை, ஆனால் மாலை ஆறு மணிக்குமேல் ஜீப் வராது என்பதை முன்பதிவின்போது யாரும் சொல்லவில்லை.

வீட்டைப் பார்த்ததும் மனம் நிறைந்தது உண்மை. வெள்ளைச் சுவரில் கறுப்பு மரச் சட்டங்கள் பதித்த டியூடர் பாணி முகப்பு, சாய்வான தகரக் கூரை, இரண்டு புகைபோக்கிகள், முன்னே ஒரு புல்தரை, அதன் விளிம்பிலேயே தொடங்கிவிடும் காடு. இப்படிப்பட்ட வீடுகள் இந்த மலையில் எழுந்ததற்குக் காரணம் வெப்பம். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ ஆறு பாகை குளிர்ச்சி கிடைக்கும் என்பதால், தாழ்நிலத்து வெயிலில் வாடிய வெள்ளைக்காரத் துரைமார்களுக்கு இது ஓய்வு மலையாயிற்று. வில்லியம் கேமரன் 1885ஆம் ஆண்டிலேயே நில அளவைக்காக இங்கு வந்து இந்த மேட்டுநிலத்தைப் பற்றிக் குறிப்பு எழுதிவிட்டார். இருந்தாலும் 1925இல் ஆங்கிலேய அரசு அதிகாரி ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்த பிறகுதான் வளர்ச்சி வேகம் பிடித்தது. 1929இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. அதன் பிறகு காட்டை வெட்டித் தேயிலை நட்டவர்களும் கொழுந்து பறித்தவர்களும் பெரும்பாலும் தமிழர்கள். இந்தக் கடைசி வாக்கியம் மட்டும் பங்களாவின் கூடத்தில் மாட்டியிருக்கும் வரலாற்றுப் பலகையில் இல்லை.

பலகையைப் பற்றி ஒரு புலம்பலைச் சொல்லிவிட்டு அறைக்குப் போகிறேன். தாய்லாந்தில் பட்டு வணிகம் செய்த ஜிம் தாம்சன் 1967 மார்ச் 26 அன்று காணாமல்போனது தானா ராத்தா பக்கத்தில் இருந்த வேறொரு பங்களாவிலிருந்து. ஆனால் இந்த வீட்டின் கூடத்தில் அவருடைய படம், ஏதோ நேற்று இங்கே காப்பி குடித்துவிட்டு எழுந்து போனவரைப்போல் மாட்டப்பட்டிருக்கிறது. அதேபோல் மாடிப்படி அருகே உள்ள ஓர் ஓட்டையைக் காட்டி, கம்யூனிஸ்டு கெரில்லாக்களுக்கு எதிரான அவசரகாலத்தில் பாய்ந்த துப்பாக்கிக் குண்டு என்று சுற்றிக்காட்டிய இளைஞர் சொன்னார். சுங்கை சிப்புட்டில் 1948 ஜூன் 16 அன்று தோட்டத் துரைகள் மூவர் கொல்லப்பட்டதை அடுத்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது, பல துரை பங்களாக்கள் முள்கம்பி வேலிக்குள் போயின என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் என் அப்பா அந்த ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்துவிட்டு, அது விளக்குத் தொங்கவிட்ட கொக்கி இருந்த இடம் என்றார். இளைஞர் மறுத்துப் பேசவில்லை.

முன்னறைக்கு வருவோம். விளம்பரப் படங்களில் நீங்கள் பார்ப்பது இந்த அறையைத்தான்: நான்கு கால் மரக் கட்டில், வேலைப்பாடு மிகுந்த கண்ணாடி மேசை, காட்டைப் பார்த்த பெரிய சன்னல், சுவரில் கருங்கல்லால் கட்டிய கணப்பு. படத்தில் கணப்பு செக்கச்செவேலென்று எரிகிறது. நேரில், இருபது வெள்ளிக்கு ஒரு மூட்டை விறகு வாங்கி நாம்தான் மூட்ட வேண்டும். அது மழை மாதம், விறகு ஈரம். தீப்பிடிக்கவே முக்கால் மணி நேரமாயிற்று, பிடித்ததும் புகை மேலே போகாமல் அறைக்குள்ளேயே திரும்பியது. புகைபோக்கியில் கரி அடைத்திருந்ததே காரணம் என்று மறுநாள் தெரிந்தது. பணம் வாங்கிக்கொண்டு தீ மூட்டச் சொல்கிற விடுதி, ஆண்டுக்கு ஒருமுறையாவது புகைபோக்கியைத் துடைத்து வைக்க வேண்டும். இது வசதியைப் பற்றிய குறை மட்டுமல்ல. அடைத்த புகைபோக்கியும் சாத்திய சன்னலும் சேர்ந்தால் நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு உறங்குபவர்களைக் கொல்லக்கூடியது. நாங்கள் தீயை அணைத்துச் சன்னலைத் திறந்து வைத்துக் குளிரிலேயே படுத்தோம்.

புகைபோக்கி சுத்தமாக இருந்திருந்தாலும் பெரிதாகச் சுகப்பட்டிருக்காது என்பது என் எண்ணம். திறந்த கணப்பு கண்ணுக்கு அழகு. ஆனால் அதன் வெப்பத்தில் பெரும்பங்கு புகையோடு சேர்ந்து மேலே போய்விடும். போகிறபோது அறைக்குள் இருந்த காற்றையும் இழுத்துக்கொண்டு போவதால், கதவிடுக்கிலும் பலகைத் தரையின் விரிசலிலும் வெளிக்குளிர் உள்ளே வரும். தீக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரின் முகம் காயும், முதுகு விறைக்கும். இந்த அறையின் கூரை பன்னிரண்டு அடி உயரம் வேறு. மிஞ்சிய வெப்பமும் மேலே போய், உத்திரத்தில் இருக்கும் பல்லிகளுக்குப் பயன்படுகிறது. இரவு மூன்று மணிக்கு என் கைப்பேசி 15 பாகை காட்டியது. கொடுத்த கம்பளிகள் கனமாக இருந்தன, ஆனால் ஈரவாடை அடித்தது. 74 வயதான அப்பா, சட்டைக்கு மேல் சட்டை போட்டுக்கொண்டு நாற்காலியிலேயே விடியும்வரை உட்கார்ந்திருந்தார்.

காலையில் தேநீர் கொண்டுவந்த பராமரிப்பாளர் அவரைப் பார்த்ததும் நிலைமையைப் புரிந்துகொண்டார். அறுபதை நெருங்கும் அவர், அதே தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்து வளர்ந்தவர்.

“ஐயா, இந்த ரூமு பார்க்கத்தான் நல்லாருக்கும். பின்னால குசினி பக்கத்துல ஒரு ரூமு இருக்கு, சின்னதுதான். அங்க வந்துடுங்க, குளிரே தெரியாது” என்றார்.

“கொக்கி ரூமா?” என்று அப்பா கேட்டார்.

“ஆமாங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்?”

அப்பாவின் தாய்மாமா, ரிங்லெட்டை அடுத்த இன்னொரு தோட்டத்தில் துரைக்குச் சமைத்துப் போட்டவர். மலாயில் சமையல்காரரைக் குறிக்கும் சொல் நம் தோட்டங்களில் கொக்கி என்று வழங்கியது, அவருக்கும் ஊரில் அதுவே பெயராயிற்று. சிறு வயதில் அப்பா பனிக்காலத்து இரவுகளில் லயத்திலிருந்து கிளம்பிப்போய், பங்களாவின் பின்படி வழியாக ஏறி, மாமாவின் அறையில் உறங்குவாராம். லயத்தில் தகரச் சுவர். மாமாவின் அறையில் கல்சுவர். அந்தச் சுவருக்கு மறுபக்கம் அடுப்பு.

இங்கும் அதே அமைப்புதான். குசினியின் விறகடுப்பு, இரண்டு அடி தடிமனுள்ள கல்சுவரை ஒட்டிக் கட்டப்பட்டிருக்கிறது. காலை ஐந்து மணி முதல் இரவு ஒன்பது மணி வரை சமையலும் வெந்நீரும் நடப்பதால் அந்தக் கல் பகல் முழுவதும் சூட்டை வாங்கிச் சேமித்து, அடுப்பு அணைந்த பிறகு விடியற்காலை வரை சிறிது சிறிதாக விட்டுக்கொடுக்கிறது. புகை குசினியின் பக்கம் போய்விடுவதால் இந்த அறைக்குப் புகையும் இல்லை, ஆபத்தும் இல்லை. கூரை எட்டு அடிதான், சன்னல் ஒன்றுதான், ஆகவே சூடு தங்குகிறது. முந்தைய இரவில் பார்த்த அதே மூன்று மணிக்கு இங்கே 21 பாகை. கம்பளிகள்கூட இந்த அறை அலமாரியில் இருந்தவை உலர்ந்து, மொறுமொறுவென்று இருந்தன. அப்பா ஒன்பது மணிக்குப் படுத்து ஏழு மணிக்குத்தான் எழுந்தார்.

குறை இல்லாத அறை என்று சொல்ல மாட்டேன். நான்கு பேர் படுத்தால் நடக்க இடமில்லை. மகனுக்குத் தரையில் மெத்தை போட்டார்கள். காட்சி என்று பார்த்தால் விறகுக் கொட்டகையும் ஒரு சேவலும் தெரியும். அந்தச் சேவலுக்கு நேரம் தெரியாது. கழிவறை வெளியே, ஐந்து எட்டு வைக்கும் தூரத்தில், மழையில் நனைந்துதான் போக வேண்டும்; முட்டிவலி உள்ளவர்களுக்குப் பின்படி உயரமாக இருக்கும், பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை. கைப்பிடி ஒன்று வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

தண்ணீர் மலை ஊற்றிலிருந்து கறுப்புக் குழாயில் தானாகவே இறங்கி வருகிறது. கனமழைக்குப் பிறகு சில மணி நேரம் தேநீர் நிறத்தில் வரும், பயப்படத் தேவையில்லை, ஆனால் குடிக்கக் கூடாது. குடிப்பதற்குக் கொதிக்கவைத்த நீர் குசினியில் எப்போதும் உண்டு. வெந்நீர் முன்னறைக் குளியலறையில் மின்ஹீட்டர் வழியாக வருகிறது, மின்சாரம் போனால் வராது. எங்கள் முதல் மாலையில் போயிற்று. பின்னால் விறகடுப்பின்மேல் பொருத்திய கொதிகலன் இருக்கிறது, வாளியில் மொண்டு குளிக்கலாம்.

சாப்பாட்டில் இரண்டு பட்டியல் உண்டு. அச்சடித்த பட்டியலில் ஸ்கோன், ஸ்ட்ராபெரி ஜேம், கோழி ரோஸ்ட் போன்றவை. ஸ்கோன் கையில் எடுத்தால் கல், ஜேம் நன்றாக இருந்தது, கோழி பரவாயில்லை. அச்சடிக்காத பட்டியல், பராமரிப்பாளரின் மனைவி தங்கள் வீட்டுக்குச் சமைப்பது. கேட்டால் நமக்கும் தலைக்கு 15 வெள்ளிக்குப் போடுகிறார். டின் சார்டின் கறி, கேமரன் முட்டைக்கோஸ் பொரியல், ஊற்றோரம் பறித்த கீரையில் கூட்டு, நெத்திலிச் சம்பால். அந்தச் சார்டின் கறியில் தக்காளியைவிடப் புளி தூக்கலாக இருந்தது, தோட்டத்துப் பாணி. என் மனைவி செய்முறையைக் கேட்டு எழுதிக்கொண்டாள். தேநீரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும்: தேயிலை மலையின் நடுவில் உட்கார்ந்துகொண்டு முன்கூடத்தில் பைத் தேநீர் கொடுப்பது என்ன நியாயம் என்று தெரியவில்லை. குசினியில் தூளைத் துணியில் வடிகட்டி, கெட்டிப்பாலும் இஞ்சியும் போட்டுத் தருகிறார்கள்.

காட்டுக்குள் போகும் ஒற்றையடிப் பாதை புல்தரையின் கோடியில் தொடங்குகிறது. ஒரு மணி நேர நடை; மரத்தண்டெல்லாம் பாசி, மர உயரத்துக்கு வளர்ந்த பெரணிகள், இலை நுனியில் குடுவை தொங்கும் செடிகள். மலாய்க்காரர்கள் அந்தக் குடுவையைக் குரங்கின் பானை என்கிறார்கள், மகன் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்து உள்ளே மிதந்த பூச்சிகளை எண்ணிக்கொண்டு வந்தான். காலை எட்டு மணியளவில் சியாமாங் குரங்குகளின் கூவல் பள்ளத்தாக்கு முழுவதும் கேட்கும். தொண்டைப் பையை ஊதிக் கத்தும் அந்த ஒலியை முதன்முறை கேட்பவர்கள் ஏதோ இயந்திரம் என்றுதான் நினைப்பார்கள். அட்டை நிறைய உண்டு. விடுதி விற்கும் தெளிப்பானை வாங்க வேண்டாம். புகையிலையை ஊறவைத்த நீரில் காலுறையை நனைத்துக் காயவைத்துக் கொடுத்தார் பராமரிப்பாளர், நால்வரில் ஒருவரையும் கடிக்கவில்லை. பாதையில் தனியாகப் போகவேண்டாம் என்று அவரும் சொன்னார், ஆனால் காரணமாக ஜிம் தாம்சனைச் சொல்லவில்லை. மூடுபனி பத்து நிமிடத்தில் இறங்கிவிடும், பிரியும் இடங்களில் அடையாளப் பலகை இல்லை என்றார். சரியான காரணம் அதுதான்.

புறப்படும்போது, முதல் இரவுக்கான கட்டணத்தில் பாதியைத் திருப்பித் தரக் கேட்டேன். நிர்வாகம் நூறு வெள்ளியைக் குறைத்தது, புகைபோக்கியை அந்த வாரமே துடைப்பதாகச் சொன்னது. விறகுக்கு வாங்கிய இருபது வெள்ளியைப் பராமரிப்பாளர் நாங்கள் கேட்காமலேயே தம் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார். அப்பா வாங்க மறுத்துவிட்டார்.

மழை குறைந்த ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் இணையராகப் போகிறவர்களுக்கு, காட்டைப் பார்த்த சன்னலுக்காகவே முன்னறை ஓர் இரவு தகும். ஆனால் புகைபோக்கியைத் துடைத்தாயிற்றா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். பெற்றோரையோ குழந்தைகளையோ அழைத்துச் செல்பவர்கள் பின்னறையைக் கேளுங்கள். அது இணையப் பதிவுப் பக்கத்தில் இருக்காது. தொலைபேசியில் அழைத்து, குசினிக்குப் பக்கத்து அறை வேண்டும் என்று தமிழிலேயே சொன்னால் போதும். எடுப்பவர் பெரும்பாலும் அந்தப் பராமரிப்பாளராகத்தான் இருப்பார்.