அரிஸ்டாட்டிலைப் படிக்க இணைய வகுப்பா, கோடைப்பள்ளியா?

பண்டைய கிரேக்க அறவியலை முறையாகப் படிக்க விரும்புபவருக்கு இன்று இரண்டு வழிகள் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. ஒன்று, கோர்ஸெரா என்ற இணையக் கல்வித் தளத்தில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் சூசன் சோவே மேயர் எடுக்கும் பண்டைய தத்துவப் பாடங்கள் போன்ற இணைய வகுப்பு. மற்றது, ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் தொடர்கல்வித் துறை ரூலி ஹவுஸில் நடத்துவது போன்ற, அங்கேயே தங்கிப் படிக்கும் கோடைப்பள்ளி. இரண்டு வகையிலும் படித்துப் பார்த்தேன். என் ஓட்டு கோடைப்பள்ளிக்குத்தான்.

செலவில் இணையம்தான் மலிவு. விசா, விமானம், அறை வாடகை என்று கணக்குப் போட்டால் பேச்சே இல்லை. பரப்பிலும் அதுவே மேல். பிளேட்டோவில் தொடங்கி, அரிஸ்டாட்டிலுக்குப் பின் வந்த எபிகூரஸ், ஸ்டோயிக்குகள் என்ற தத்துவப் பள்ளியினர் வரை அது நம்மைக் கூட்டிப்போகிறது. கோடைப்பள்ளியிலோ ஒரு வாரம் முழுக்க அரிஸ்டாட்டிலின் 'நிகோமாக்கிய அறவியல்' ஒன்றுதான், அதிலும் சில பகுதிகள் மட்டும்.

ஆனால் அந்தச் சில பகுதிகளைப் படித்த விதம்தான் எனக்கு எல்லாவற்றையும் தீர்மானித்தது. அங்கே நாம் சொல்வதை மறுக்க எதிரில் ஆள் இருக்கிறார்.

அந்த அறவியலின் பத்துப் பாகங்களையும் 'நூல்' என்றே சொல்வார்கள். அதன் இரண்டாம் நூலில், நற்பண்பு என்பது மிகைக்கும் குறைக்கும் இடைப்பட்ட நடுநிலை என்று பேசும் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து மினா (பழைய கிரேக்க எடை அளவு) உணவு அதிகம், இரண்டு குறைவு என்றால் ஆறுதான் சரி என்று பயிற்சியாளர் விதித்துவிட முடியாது. மல்லன் மிலோவுக்கு ஆறு போதாது, புதிதாகப் பயிற்சிக்கு வந்தவனுக்கு அது அதிகம். காணொளியில் இதைக் கேட்டபோது தலையாட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். வகுப்பில் அப்படி நழுவ முடியவில்லை. மேசையில் ராஸ், இர்வின், கிரிஸ்ப் என்று ஆளுக்கொரு மொழிபெயர்ப்பு. எந்த மொழிபெயர்ப்பிலும் ஒரே இடத்தைக் காட்டும் பக்க எண்ணான பெக்கர் எண்ணை, 1106பி என்று ஆசிரியர் சொன்னதும் எல்லோரும் ஒரே இடத்துக்கு வந்துவிட்டோம். "அப்படியானால் சரியான அளவை யார் முடிவு செய்வது?" என்று ஒரு அம்மா கேட்டார். விவேகி முடிவு செய்வார் என்பது அரிஸ்டாட்டிலின் பதில். அந்த விவேகியை எப்படி அடையாளம் காண்பது, நற்பண்பை வைத்துத்தானே, இது சுற்றிச் சுற்றி வருகிறதே என்று அந்த அம்மா விடவில்லை. வாதம் மதிய உணவு வரை தொடர்ந்தது. தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்த இடத்திலும் ஓயவில்லை.

ஒன்பதாம் நூலில் அரிஸ்டாட்டிலே இதைச் சொல்கிறார்: மனிதர்கள் சேர்ந்து வாழ்வது என்றால் பேச்சையும் சிந்தனையையும் பகிர்வது, கால்நடைகள் ஒரே இடத்தில் மேய்வது போலன்று. நல்லவராக ஆவதற்காகவே இந்த ஆராய்ச்சி, அறிந்துகொள்வதற்காக அல்ல என்று இரண்டாம் நூலில் அவர் சொல்வதையும் சேர்த்துப் பாருங்கள். தனியே திரைமுன் உட்கார்ந்து இந்த நூலைப் படிப்பது பாதிப் படிப்புதான்.

ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். எனக்கு ஆசிரியரும் சக மாணவர்களும் நன்றாக வாய்த்தார்கள். வாய் திறக்காத வகுப்பாக இருந்திருந்தால் இவ்வளவு உறுதியாகப் பேசுவேனா என்பது சந்தேகமே. ஸ்டோயிக்குகளைக் கோடைப்பள்ளியில் நான் படித்ததில்லை. ஸ்டோயிக் தத்துவவாதி எபிக்டெட்டஸின் கையேடு போன்ற சிறு நூலுக்கு இணையமே போதும் என்று தோன்றுகிறது.

போவதானால் முதல் இரண்டு நூல்களையும், நட்பைப் பேசும் எட்டையும் ஒன்பதையும் முன்பே படித்துவிட்டுப் போங்கள். பணம் இடிக்கிறது என்றால் இணைய வகுப்போடு, வாதாடத் தயங்காத இரண்டு நண்பர்களையும் சேர்த்துக்கொண்டு வாரம் ஒரு பகுதியாகப் படியுங்கள். மொழிபெயர்ப்பு வேறுவேறாக இருந்தாலும் பரவாயில்லை, ஓரத்தில் பெக்கர் எண் அச்சிட்ட பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள்.